என் கையால் ஆறிய தோல்

எங்கள் பக்கத்தில் என் கையைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பட்டாசுத் திரி அடுக்கப் போன கை இது. பிறகு வெடிமருந்து கலந்தது. பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சொந்தமாகப் பட்டாசு ஆலை போட்டு லைசென்சில் கையெழுத்தும் போட்டது. இத்தனை வருடத்தில் இந்தக் கையில் ஒரு தழும்பு கிடையாது. விரல் பத்தும் பத்திரம். என் வயதில் இதைச் சொல்லக்கூடியவர்கள் சிவகாசி வட்டாரத்தில் எத்தனை பேர் என்று வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கை செய்ததிலேயே பெரிய வேலை பட்டாசு இல்லை. என் மனைவியின் இடது மார்பில் கதிர்வீச்சு பட்ட தோலை ஆற்றியதுதான்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஊசி மருந்தும் முடிந்து, கொட்டிய முடி மறுபடி முளைக்க ஆரம்பித்திருந்தது. கடைசியாகக் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். விருதுநகரில் எங்கள் வீடு, சிகிச்சை மதுரையில். சனி, ஞாயிறு தவிர தினமும் போய் வர வேண்டும்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஒரு மாசத்துக்கு மேல ஆகும். நடுவுல நிறுத்தாம முடிச்சாத்தான் முழுப் பலன். தோல் சிவக்கும், கறுக்கும், சிலருக்கு உரியவும் செய்யும். ரொம்பப் புண்ணாயிட்டா கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வேண்டி வரும். அதனால தோலைக் கவனமாப் பார்த்துக்கோங்க."

வெளியே வந்ததும் என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, தோல் உரிஞ்சா நான் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. அறுவைக்குப் போகும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே என்னிடம், பால்காரருக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டவள். ஆனால் எங்கள் வட்டாரத்தில் வெந்த தோலைப் பார்க்காமல் யாரும் வளர்வதில்லை. அவள் சின்ன வயதில் தன் சித்தியை அந்தக் கோலத்தில் பார்த்திருக்கிறாள். தோல் உரிவது என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. புற்றுநோய்க்குத் தைரியமாக நின்றவள் புண்ணுக்கு ஓடிவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் ஓடினால் சிகிச்சை பாதியில் நிற்கும். ஆகவே என் வேலை இன்னதென்று முடிவாகிவிட்டது. கரண்ட் முடிகிற வரைக்கும் அவள் தோலைக் காப்பாற்றி, அவளைத் தினமும் மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆலையை இரண்டு மகன்களிடமும் விட்டேன். தினமும் போன் போட்டு, நீங்கள் இல்லாமல் ஓடவில்லை அப்பா என்று புலம்புவார்கள் என எதிர்பார்த்தேன். ஒருத்தனும் புலம்பவில்லை. லோடு லோடாகச் சரக்கு போய்க்கொண்டே இருந்தது. நான் பழக்கிய பழக்கம் அப்படி.

முதல் நாள், தோலைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சொல்ல ஒரு நர்ஸ் வந்தார். என் மகள் வயதுகூட இருக்காது; ஆனால் குரலில் போர்மேன் தோற்றுப்போவான்.

"அம்மா, கேட்டுக்கங்க. கரண்ட் வைக்கிற எடத்துல எதுவும் உரசக் கூடாது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நைலான், பாலியெஸ்டர் எல்லாம் வேணாம். லூசான பருத்தித் துணி."

"பருத்திதான்" என்றேன் நான்.

"செயின் எதுவும் அங்க படக் கூடாது."

"கழட்டிக் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும்."

"வெயில் படக் கூடாது. ஒத்தடம், ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது."

"வெயில் ஏறதுக்கு முன்ன வேலைய முடிச்சிரணும்."

"குளிச்சிட்டுத் துண்டு வச்சுத் தேய்க்கக் கூடாது. ஒத்தித்தான் எடுக்கணும்."

"இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. தூக்கித்தான் வைக்கணும்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா இதுக்கு முன்னாடி யாருக்கும் பார்த்திருக்கீங்களா?"

"இல்லம்மா. எங்க மருந்து ரூம் வாசல்ல எழுதிப் போட்டிருக்கது இம்புட்டும்."

உண்மையில் எதுவும் வித்தியாசம் இல்லை. மருந்து கலக்கிற அறைக்குள் போகிறவர்கள் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். வளையல், சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். செருப்பு கூடாது. பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது. சூடு ஏறுவதற்கு முன் கலவையை முடித்துவிட வேண்டும். எங்கள் தொழிலில் ஆளைக் கொல்வது நெருப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நெருப்பு பிறகுதான் வரும். முதலில் வருவது உரசல்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னைய மருந்து ரூம் ஆக்கிட்டாருல்ல!"

"அப்ப வெடிக்காமப் பார்த்துக்கங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் மற்றதையும் சொன்னார். வாசனைச் சோப்பு, பவுடர் வேண்டாம். அக்குளில் பிளேடு படக் கூடாது. தோலில் மையால் போட்டிருக்கும் கோடுகளை அழிக்கக் கூடாது. அவர்கள் கொடுக்கிற கிரீமை மட்டும் இரண்டு வேளை தடவ வேண்டும். ஆனால் கரண்ட் வைக்கப் போகும்போது தோலில் கிரீம் அப்பியிருக்கக் கூடாது. அந்தக் கோடு எதற்கு என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்தில், நான்கு கலரும் ஒன்றன் மேல் ஒன்று பிசகாமல் உட்காரத் தாளின் மூலையில் குறி போடுவார்கள். அதே வேலைதான்.

வீட்டுக்கு வந்ததும் என் வேட்டிகளில் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனவற்றைத் தேர்ந்தெடுத்து டெய்லரிடம் கொடுத்தேன். தொளதொளவென்று, தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி ஜாக்கெட் தைத்து வாங்கினேன். தையலின் மடிப்பு உள்ளே இருந்தால் அதுவும் உரசும் அல்லவா? இது நர்ஸ் சொல்லாதது, என் சொந்த யோசனை. பிறகு அவரே அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கும் சொன்னார்.

என் மனைவி போட்டுப் பார்த்துவிட்டு, "இடுப்புல கட்டுனதக் கொண்டாந்து எனக்கு ஜாக்கெட்டாப் போட்டுட்டீகளே, கடைக்குப் போற செலவு மிச்சம்" என்றாள். ஆனால் கழற்றவில்லை.

காரில்கூட நான் கணக்காக இருந்தேன். காலையில் மதுரைக்குப் போகும்போது வெயில் வலப்பக்கம் அடிக்கும். அவள் இடப்பக்கம் உட்கார வேண்டும். உச்சிக்கு முன்பே திரும்பிவிடுவோம்; அப்போது வெயில் இடப்பக்கம். அவள் வலப்பக்கம் மாற வேண்டும். டிரைவர் முதல் இரண்டு நாள் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நான் சொல்வதற்கு முன்னாலேயே சரியான கதவைத் திறந்துவிட ஆரம்பித்தார்.

செய்தி கேள்விப்பட்டு ஆமத்தூரிலிருந்து என் தங்கை வந்தாள். கையில் பெரிய பாட்டில். சுண்ணாம்புத் தெளிவும் தேங்காய் எண்ணெயும் சேர்த்துக் கலக்கியது. எங்கள் பக்கம் பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்தப் பாட்டில் இல்லாமல் இருக்காது.

"அண்ணே, தீப்பட்ட புண்ணுக்கு இத விட்டா மருந்து உண்டுமா? ஒங்களுக்கே தெரியும்."

"தீயே படல. இது கரண்டு."

"கரண்டுன்னாலும் சுடத்தான செய்யும்?"

"சுடும். ஆனா அவுங்க குடுத்ததத் தவிர ஒரு சொட்டு படக் கூடாது. ஒனக்கு ஆசையா இருந்தா என் முழங்கால்ல தேய்ச்சு விடு."

அவள் என் மனைவியிடம் திரும்பினாள். "பாத்தீகளா மதினி! ஒங்க மாரைச் சுத்திப் பத்தாயிரம் வாலாவைச் சுத்தி வச்ச மாதிரில்ல எங்கண்ணன் காவல் காக்காரு."

"நீ வேற தாயி. நான் தும்முனாலே வாளியத் தூக்கிட்டு வந்துருவாரோன்னு பயமா இருக்கு" என்றாள் இவள்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் என் பித்தவெடிப்புக்குத் தேய்த்தேன். நன்றாகக் கேட்டது. நல்ல மருந்துதான், இடம் வேறு.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொழில் என் காலை வாரிவிட்டது.

எங்களுக்கு உரசலுக்கு அடுத்த பகை ஈரம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நான் மருந்து அறைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவேன். அப்படிப்பட்டவன் கண்ணில், கிரீம் தடவிய தோல் எப்படித் தெரியும்? அக்குள் மடிப்பில் பளபளவென்று பசையாக இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. தடவி முடித்த சிறிது நேரத்தில் மெல்லிய துணியால் ஒத்தி ஒத்திக் கிரீமை முழுக்க எடுத்துவிடுவேன். அதற்கு மேல் டேபிள் ஃபேனையும் திருப்பி வைப்பேன். "சிலுசிலுன்னு இருக்குங்க" என்று அவளும் கண்ணை மூடிக்கொள்வாள். இது என் தப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான்.

மூன்றாவது வாரம் தோல் சிவப்பு மாறிக் கறுத்திருந்தது. ஒரு நாள் காலையில் சேலைத் தலைப்பைத் தோளில் போடக் கையைத் தூக்கியவள் "ஆத்தீ" என்றாள். பார்த்தேன். அக்குள் மடிப்பில் மயிரிழை அளவுக்குத் தோல் கீறிவிட்டிருந்தது. இரண்டு, மூன்று கோடு. லேசாக ரத்தம்.

அவள் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல."

"ஒண்ணுமில்ல. சின்னக் கீறல்."

"அன்னைக்கே சொன்னேன்ல? உரிஞ்சா வர மாட்டேன்னு சொன்னேன்ல? கட்டிய எடுத்தாச்சு, மருந்தும் ஏத்தியாச்சு. போதும். இம்புட்டுப் போதும்."

நான் ஐநூறு ஆட்களை வேலை வாங்கியவன். ஸ்டிரைக் வந்தபோது தனியாக நடுவில் போய் நின்று பேசியவன். இவள் ஒருத்தியிடம் என் பேச்சு எடுபடவில்லை. கடைசியில், "கரண்டு வைக்க வேண்டாம். அந்த நர்ஸ் பிள்ளைகிட்டத் தோலைக் காமிச்சுட்டுத் திரும்பிருவோம்" என்றேன். அதற்கு மட்டும் எழுந்தாள்.

நர்ஸ் பார்த்தார். விரல் நுனியால் பக்கத்துத் தோலைத் தொட்டார். முகம் மாறியது.

"கிரீம் போடுறீங்களா இல்லையா?"

"ரெண்டு வேளையும் தவறாமப் போடுதோம்."

"அப்புறம் ஏன் தோல் அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கு?"

"போட்டுட்டு, ஈரம் தங்காம சுத்தமாத் தொடச்சு எடுத்துருதேன்" என்றேன் பெருமையாக. "ஃபேனும் உண்டு."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா! கிரீம் போடுறதே தோல் காயாம இருக்கத்தான்! அதைத் தொடச்சு எடுத்தா என்ன அர்த்தம்? ஈரத்துமேல ஒங்களுக்கு என்ன பகை?"

சொன்னேன். ஈரம் பட்ட மருந்து என்ன செய்யும் என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "தோலு உயிருள்ளதுய்யா. அளவாப் பசை இருந்தாத்தான் அது நீளும், மடங்கும். காஞ்சு போனா மடிப்புல பிளந்துக்கிரும்" என்றார்.

மடிப்பில் பிளக்கும் என்றதும் எனக்குப் பளிச்சென்று பட்டது. எங்கள் ஆலையிலேயே அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. வெடிக்கான காகிதக் குழாயைப் பசை தடவிச் சுருட்டி, வெயிலில் போட மாட்டோம். நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில் மெதுவாக ஆற விடுவோம். அவசரப்பட்டுக் காய வைத்தால் குழாய் பிளந்துவிடும். மருந்து அறையின் சட்டம் குழாய் அறைக்குப் பொருந்தாது. இந்த வித்தியாசத்தை எத்தனையோ புது ஆட்களுக்குக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

"அட, அப்ப இவ மருந்து ரூம் இல்லம்மா. குழாய் ரூம்!" என்றேன் சத்தமாக.

பக்கத்தில் உர்ரென்று உட்கார்ந்திருந்தவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "இன்னைக்குக் குழாயா? நாளைக்கு என்ன, கம்பி மத்தாப்பா?"

டாக்டரும் வந்து பார்த்தார். மேல்தோல்தான் கீறியிருக்கிறது, இன்றைக்குக் கரண்ட் வைக்கலாம், ஆனால் இது ஆழமாகப் போனால் நிறுத்தத்தான் வேண்டும் என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "சரி, வந்தது வந்தாச்சு" என்று எழுந்து உள்ளே போனாள். எனக்குப் போன மூச்சு வந்தது.

அன்றிலிருந்து ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, கிரீமை விரல் வயிற்றில் எடுத்து, தேய்க்காமல் தொட்டுத் தொட்டு வைத்தேன். தோல் தானாகக் குடிக்கும்வரை விட்டுவிட்டேன். கீறல் மூடிக்கொண்டது. எனக்கு ஆச்சரியம் இல்லை.

கடைசி வாரத்தில் டாக்டர் முன்பே சொன்னது நடந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்து, உள்தோல் தெரிந்தது. குளித்துவிட்டு வந்தவளுக்கு ஒத்தி எடுத்த துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"உரிஞ்சிருச்சா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சரக்குப் பார்க்கிற மாதிரி பார்த்துச் சொன்னேன். "ஒரு ரூவாக் காசு அளவு. ரோஸ் கலர். தண்ணி லேசாக் கசியுது. சீழ் இல்ல. வாடை இல்ல."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"கண்ணாடியக் கொண்டாங்க."

கொண்டுவந்து பிடித்தேன். வெகு நேரம் பார்த்தாள். சித்தியின் எந்தக் கோலத்தை நினைத்துக்கொண்டு இத்தனை வாரம் பயந்தாளோ, அந்தக் கோலம் கண்ணாடியில் இல்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டு, "இதுக்கா நான் இம்புட்டுப் பயந்தேன்! தோசைக்கல்லுல சுட்டுக்கிட்டதே இதவிடப் பெருசா இருக்குமே. கெளம்புங்க, லேட்டாகுது" என்றாள்.

மிச்சமிருந்த கரண்ட், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும்தான், புண் வேறு பக்கம், சுத்தமாக வைத்துக்கொண்டால் நிறுத்த வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் எனக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார். பழைய துணி ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. உப்பு நீர் மருந்தை ஊற்றி ஊறவிட்டால் தானாக விட்டுக்கொடுக்கும். மெழுகு மாதிரி மருந்து தடவிய வலைத்துணியை முதலில் வைத்து, அதன் மேல் மெத்தென்று பஞ்சுத்துணி வைக்க வேண்டும். பிளாஸ்திரியை அந்தத் தோலில் ஒட்டவே கூடாது. காய்ச்சல் அடித்தாலோ, சீழ் வைத்தாலோ, வாடை வந்தாலோ உடனே போன் செய்ய வேண்டும். பிளாஸ்திரி இல்லாமல் கட்டு எப்படி நிற்கும்? என் பழைய பனியன் ஒன்றின் பக்கத்தை வெட்டி மாட்டிவிட்டேன். நகராமல் நின்றது.

நான் ஒரு தடவை செய்து காட்டியதும் நர்ஸ், "பரவாயில்லையே" என்றார். பரவாயில்லையா? மணல் மாதிரி மருந்தைச் சிந்தாமல் அள்ளிய கை!

வீட்டில் கட்டு மாற்றும்போது அவள் சும்மா இருக்க மாட்டாள்.

"கலியாணமாகி இம்புட்டு வருசத்துல எனக்கு ஒரு பூ வச்சுவிட்டது கெடையாது. இப்பப் பாரு, கை அலுங்காமத் தொடுதீக."

"அசையாத. நான் அம்புட்டுப் பக்குவமா மருந்து பாத்தவன்."

"தொட்டா வெடிச்சிருவேன்னு அப்பவே சொல்லியிருக்கணும். அப்பவே இந்த மாதிரி தொட்டிருப்பீக."

என் கை நின்றுவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் பனியன் கட்டு குலுங்கியது. அசையாதே என்று மறுபடியும் அதட்ட வேண்டியதாயிற்று.

கரண்ட் ஒரு நாள்கூட நிற்காமல் முடிந்தது. கடைசி நாள் நர்ஸுக்கு எங்கள் கம்பெனி கிஃப்ட் பாக்ஸில் பெரியதாக ஒன்று கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிக்குள் பட்டாசா என்று செக்யூரிட்டி வாசலிலேயே மறித்துவிட்டார். நர்ஸ் டியூட்டி முடிந்து வெளியே வந்து வாங்கிக்கொண்டார். "முடிஞ்சதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு வாரம் தோல் இன்னும் மோசமாத்தான் தெரியும். அதுக்குப் பிறகுதான் ஆறும். விட்டுறாதீங்க" என்றார். நானா விடுவேன்?

அவர் சொன்ன மாதிரியே கொஞ்சம் பரவியது. பிறகு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி வந்தது. புதுத் தோல் இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று மூடியது. சுற்றிலும் இருந்த கறுப்பும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

மறுபடி டாக்டரிடம் காட்டப் போனோம். அவர் விளக்கைத் திருப்பி வைத்து, அழுத்திப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, "பிரமாதமா ஆறியிருக்கே!" என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "வீட்ல யாரு டிரெஸ்ஸிங் பார்த்துக்கிட்டது?"

நான் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தேன். திரி அடுக்கப் போன காலத்திலிருந்து ஆரம்பிப்பதா, நேராகக் குழாய் அறைக்கு வந்துவிடுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது.

"நானேதான் டாக்டர்" என்றாள் என் மனைவி. "வீட்ல வேற யாரு இருக்கா?"

"அந்த எடத்துக்குக் கை எட்டுறதே கஷ்டமாச்சே. கெட்டிக்காரங்கம்மா நீங்க!"

"ஏதோ, நமக்குத் தெரிஞ்சது" என்றாள் அடக்கமாக.

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சரக்கின் லேபிளை ஒருமுறை ஒருவன் திருடி அடித்தபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

வராண்டாவுக்கு வந்ததும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"ஏ இவளே, என்ன பேச்சுப் பேசுன உள்ள?"

"ஒங்க மூஞ்சியப் பாக்கணுமே! நமுத்துப் போன புஸ்வாணம்!"

"இரு, டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிட்டு வாரேன்" என்று நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

அவள் இடது கையை முழுக்க நீட்டி, என் சட்டையின் முதுகுப்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். நல்ல பலமான இழுப்பு. பட்டன் தெறித்துவிடும்போல் இருந்தது. அக்குள் விரிந்து கை நீண்டு நின்றது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கேயும் ஒரு சுளிப்பு இல்லை.

நான் உள்ளே போகவில்லை.